ஒத்திகைப் புகார்

தங்கமணி ஐந்தாவது முறையாகப் புகார் கொடுக்கப் போன அன்றுதான் அவளுக்குப் புகார்தாரர் வேடம் கிடைத்தது.

கோமுகிப்பேட்டை கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்கள் அங்கே நின்று கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போகும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் மகளிர் காவல் நிலையம். இரண்டு வருடமாக நிலுவை வழக்கே இல்லாத நிலையம் என்று கேடயம் வாங்கிய நிலையம் அது. புகாரை வாங்கினால்தானே நிலுவை வரும் என்ற எளிய உண்மையைக் கண்டுபிடித்தவர் ஆய்வாளர் தேவிப்ரியா. அதற்கு முன் இருந்த ஆய்வாளர்களெல்லாம் புகாரை வாங்கி, விசாரித்து, வீணாகக் கெட்ட பெயர் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கமணிக்கு முப்பத்தாறு வயது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலி வேலை. கணவன் கொளஞ்சியப்பன் வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டினான். கொண்டை ஊசி வளைவுகளில் அவனைப் போல நிதானமாக ஓட்ட ஆளில்லை என்று மலை முழுக்கப் பெயர். எதிரில் ஆட்டுக்குட்டி வந்தால்கூட நிறுத்தி வழிவிடுவான். அந்த நிதானம் ஜீப்பை விட்டு இறங்கும்போது ஜீப்பிலேயே தங்கிவிடும்.

முதல் முறை தங்கமணி நிலையத்துக்குப் போனபோது, ஆதார் ஜெராக்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை ஜெராக்ஸோடு போனாள். கணவனின் ஆதாரும் வேண்டும் என்றார்கள். மூன்றாவது முறை அதையும் கொண்டுபோனாள். புருஷனுக்குத் தெரியாமல் அவன் ஆதாரை எடுத்து வந்தது திருட்டு, அவன் புகார் கொடுத்தால் உன்னைத்தான் உள்ளே வைக்க வேண்டியிருக்கும் என்று அக்கறையோடு எச்சரித்தார்கள். நான்காவது முறை இருவரையும் உட்காரவைத்து, இல்லை, அவனை உட்காரவைத்து அவளை நிற்கவைத்து, ஆலோசனை வழங்கினார்கள். அவன் கோபத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவள் கோபம் வருகிற மாதிரி நடந்துகொள்ளக் கூடாது என்பது ஆலோசனை. ஆளுக்கு ஒரு ஜிலேபி கொடுத்து, சிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த புதன்கிழமை அவன் ஜீப்பின் ஜாக்கி ராடை எடுத்தான். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பாரதி தடுக்க வந்தாள். ராடு மகள் பக்கம் திரும்பியது. தங்கமணி இடது கையை நடுவே நீட்டினாள். கட்டுப் போட்ட கையோடு, மகளை எலவனாசூர்கோட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலை அவள் நிலையத்தின் படியேறினாள்.

நிலையம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் கலர் கோலம். ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்து, ஈரம் காய்வதற்குள் ஒரு கான்ஸ்டபிள் அதில் கைவைத்து, திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, மறுபடியுமா?" என்றார் ரைட்டர் ஜெயம்மாள். நிலையத்தின் எழுத்து வேலை எல்லாம் அவர் பொறுப்பு. இருபது வருடம் எழுதிய கை, இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்தது.

"கைய ஒடச்சிட்டாருங்க மேடம். பொண்ண அடிக்க வந்தாரு, குறுக்கால போனேன்."

ஜெயம்மாள் கட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே ஆய்வாளரின் அறையைப் பார்த்தார். "நாளைக்கு வாம்மா. இன்னிக்கு குழு வருது."

"இன்னா குழுங்க?"

"புகார் குடுக்க வர்ற பொம்பளைங்கள நாங்க ஒழுங்கா நடத்துறோமான்னு பாக்குற சுதந்திரக் கண்காணிப்புக் குழு."

"அப்ப நான் வந்தது நல்லதாப் போச்சே."

"ஐய, வெவரம் புரியாம பேசாத. குழு வர்ற நேரத்துல புகார் குடுக்குறவங்க யாரும் இங்க இருக்கக் கூடாது."

தங்கமணிக்கு உண்மையிலேயே விவரம் புரியவில்லை. அவள் திரும்புவதற்குள் உள்ளேயிருந்து ஆய்வாளர் தேவிப்ரியா வந்தார். அவர் முகத்தில் கவலை. குழு அனுப்பிய சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: 'ஒரு புகார் பெறப்படும் முறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை குழு நேரில் காணும். உண்மையான புகார்தாரருக்குச் சங்கடம் நேரக்கூடாது என்பதால் மாதிரிப் புகார் ஒன்றை நிகழ்த்திக் காட்டினால் போதுமானது.' புகார்தாரராக நடிக்க கான்ஸ்டபிள் ஷாலினியைத் தயார் செய்திருந்தார்கள். ஆனால் 'என் கணவர் என்னைக் கொடுமைப்படுத்துகிறார்' என்ற வரி வந்ததும் ஷாலினிக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒன்பது முறை ஒத்திகை பார்த்தும் ஒன்பது முறையும் சிரித்தாள்.

தேவிப்ரியா தங்கமணியின் கட்டுப் போட்ட கையையும் வீங்கிய கன்னத்தையும் ஒரு நாடகக் கம்பெனி முதலாளியின் கண்ணோடு பார்த்தார்.

"மேக்கப்பே வேணாம் போல இருக்கே" என்றார். "ஏம்மா, நீ நடிப்பியா?"

"இன்னா நடிக்கணுங்க?"

"புகார் குடுக்குற மாதிரி."

"நான் புகார் குடுக்கத்தாங்க வந்தேன்."

"அது வேற, இது வேற. இத நல்லபடியா முடிச்சுக் குடு. அத அப்புறம் பாக்கலாம்."

எட்டாவது வரை படித்திருந்த தங்கமணியிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வசனம் ஆய்வாளரே எழுதியது. அதில் வரும் கணவன், மனைவி சீரியல் பார்க்கும்போது ரிமோட்டைப் பிடுங்கிவிடுகிறான். மனைவி மனம் உடைந்து காவல் நிலையத்துக்கு வருகிறாள்.

தங்கமணி இரண்டு தடவை படித்தாள். "இதுக்குப் போயா ஸ்டேஷனுக்கு வருவாங்க?"

"நீ கைய ஒடச்சான், பல்ல ஒடச்சான்னு ஆரம்பிச்சிடாத" என்றார் தேவிப்ரியா. "அது ஓவர் ஆக்டிங் ஆயிடும்."

பதினோரு மணிக்குக் குழு வந்தது. காவல் துறை வண்டியில் வந்தால் சுதந்திரம் கெட்டுவிடும் என்பதால், காவல் துறை அமர்த்திக் கொடுத்த தனியார் ஜீப்பில் வந்தார்கள். தலைவர் நாராயணசாமி மீன்வளத் துறையில் ஓய்வு பெற்றவர். உறுப்பினர் தீனதயாளன் கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தார். அதில் நாற்பத்தெட்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் டிக் போட ஒரு கட்டம்.

தங்கமணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஜீப்பை ஓட்டி வந்தவன் கொளஞ்சியப்பன். ஜீப்பை அமர்த்தியவர் நிலையத்தின் வண்டி ஓட்டுநர் தனசேகரன். ஏற்கெனவே நிலையத்துக்கு வந்துபோன ஆள், அறிமுகமானவர் என்ற நம்பிக்கையில் அமர்த்தியிருந்தார். நாராயணசாமி இறங்கும்போது அவன் தோளைத் தட்டி, "வழியெல்லாம் என்ன பொறுமையா ஓட்டுறீங்க! உங்க வீட்டம்மா கொடுத்துவைத்தவங்க" என்றார். கொளஞ்சியப்பன் வெட்கப்பட்டான்.

தங்கமணி பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். வாசலில் அவன், பின்பக்கம் கதவு இல்லை.

நாராயணசாமி உரை நிகழ்த்தினார்.

"நாங்கள் முழுச் சுதந்திரம் பெற்ற குழு. எங்களுக்கு அலுவலகம், வண்டி, மதிய உணவு, அறிக்கையின் முதல் வரைவு எல்லாவற்றையும் காவல் துறை அன்போடு தருகிறது. ஆனால் கருத்து மட்டும் எங்களுடையது. அந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்றுவதற்காகவே அதை நாங்கள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் மீன்களைக் கண்காணித்தவன் நான். ஒரு மீன்கூட என்னைப் பற்றிப் புகார் சொன்னது கிடையாது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒத்திகை தொடங்கியது.

ஜெயம்மாள் ஒரு நாற்காலியைக் காட்டினார். "ஒக்காரும்மா."

தங்கமணி நாற்காலியைப் பார்த்தாள். நான்கு முறை வந்தபோதும் அதே நாற்காலி அங்கேதான் இருந்தது. உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டில் வந்தது, மூடியைத் திறந்தே கொடுத்தார்கள். "இருக்கை, டிக். குடிநீர், டிக்" என்றார் தீனதயாளன். "உனக்கு என்னம்மா பிரச்சினை? பயப்படாம சொல்லு. நாங்க இருக்கோம்" என்று ஜெயம்மாள் எழுதி வைத்ததைப் படித்தார். எழுதி வைத்த வரிதான் என்றாலும், கடைசி இரண்டு சொல்லை அவர் தாளைப் பார்க்காமல் தங்கமணியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துச் சொன்னார்.

தங்கமணி தாளில் இருந்த முதல் வரியைச் சொன்னாள்: "வணக்கம் அம்மா. நான் ஒரு பாதிக்கப்பட்ட பெண்." அடுத்து ரிமோட் வர வேண்டும். அவள் வாய் திறந்தாள். ரிமோட் வரவில்லை.

"புதங்கெழம சாயங்காலம் கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு தட்ட வீசுனாரு. நான் பேசாம பொறுக்கிக்கினு இருந்தேன். பேசாம இருக்கிறியா, அவ்ளோ திமிரான்னு ஜாக்கி ராட எடுத்தாரு. எம் பொண்ணு குறுக்க வந்தா. பதினஞ்சு வயசுங்க அவளுக்கு. அவ மண்டைக்கு ஓங்குனாரு. நான் கையக் குடுத்தேன். சத்தம் கேட்டுது. மொதல்ல அது எங்கையிலேர்ந்து வந்த சத்தம்னே எனக்குத் தெரியல."

ஷாலினிகூடச் சிரிக்கவில்லை.

"அபாரம்!" என்றார் நாராயணசாமி. "அந்தக் கடைசி வரி இருக்கிறதே! வசனம் யார்?"

தேவிப்ரியாவின் நெற்றியில் வியர்வை. "நான்தான் சார்" என்றார்.

"நெசங்க. இது நெசமா நடந்துது" என்றாள் தங்கமணி.

"ஆஹா! பாத்திரத்தை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறாரே" என்று அவர் தீனதயாளனிடம் மெச்சினார். தீனதயாளன் 'நம்பகத்தன்மை' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

அடுத்து கணவனை விசாரிக்க வேண்டும். கணவனாக நடிக்க தனசேகரன் லுங்கி கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். வாழ்நாளில் கொசுவைக்கூடத் தயங்கித் தயங்கி அடிப்பவர் அவர். உள்ளே வந்து, "நான்தாங்க கொடுமைக்காரக் கணவன்" என்றார். பிறகு தங்கமணியின் கட்டைப் பார்த்துக் கண் கலங்கி, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார்.

நாராயணசாமி முகம் சுளித்தார். "இவரை நம்ப முடியவில்லையே. இத்தனை தத்ரூபமான மனைவிக்கு இப்படி ஒரு கணவனா? குழு இதை ஏற்காது. வேறு ஆள் இல்லையா?"

தங்கமணி தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்தாள். அவனை உள்ளே கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிடாவிட்டால் இன்று மாலை வீட்டில் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"எம் புருசன் வெளிய ஜீப்லதாங்க இருக்காரு" என்றாள்.

"சார், அது வேணாம், அவரு நடிகர் இல்ல..." என்று தேவிப்ரியா பதறுவதற்குள், நாராயணசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கூப்பிடுங்கள்" என்று கையசைத்தார்.

கொளஞ்சியப்பன் சிரித்த முகத்தோடு, வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். நாற்காலியில் தங்கமணியைப் பார்த்ததும் சாவி நின்றது.

"ஏய்! இங்க இன்னாடி பண்ற? அதுவும் சேர்ல ஒக்காந்துகினு?"

"புகார் குடுக்குறேன்" என்றாள் தங்கமணி.

"ஒரு கைய ஒடச்சது பத்தலயா உனக்கு? இன்னொன்னையும் ஒடச்சாதான் அடங்குவியா?"

"பிரமாதம்!" என்று நாராயணசாமி எழுந்தே நின்றுவிட்டார். "குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறான், கவனித்தீர்களா?"

"ஒப்புதல், டிக்" என்றார் தீனதயாளன்.

கொளஞ்சியப்பன் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். தங்கமணி கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜெயம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கியிருந்தார். அது வசனத்தாளில் இல்லை. லுங்கியோடு தனசேகரனும் இன்னொரு கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"உடனடித் தலையீடு, டிக். டிக்!" தீனதயாளன் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு முறை தட்டியதில் முதல் டிக் அழிந்துபோய், மூன்றாவது முறை தட்ட வேண்டியதாயிற்று.

"இப்போது முதல் தகவல் அறிக்கை" என்றார் நாராயணசாமி.

"போட்டதா வச்சுக்கலாம் சார்" என்றார் தேவிப்ரியா.

"வைத்துக்கொள்வதற்கு நாங்கள் என்ன சாதாரணக் குழுவா? எண் வர வேண்டும். எண் இல்லாமல் என் உறுப்பினரின் டேப்லெட் அடுத்த பக்கத்துக்கே போகாது."

தேவிப்ரியா யோசித்தார். மாதிரிதானே, குழு போன பிறகு அழித்துவிட்டால் ஆயிற்று. தலையை ஆட்டினார். ஜெயம்மாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இரண்டு வருடம் ஓய்ந்திருந்த விரல்கள் பறந்தன. ரிமோட்டைப் பற்றி அவர் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. சாட்சி என்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்த நாராயணசாமி, காலியாக விடுவது முறையல்ல என்று தன் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிச் சொன்னார். கையெழுத்தும் போட்டார். எண் வந்தது. அந்த ஆண்டின் எண் ஒன்று. தங்கமணியின் கையில் ஒரு நகல் கொடுத்தார்கள்.

"கைது" என்றார் நாராயணசாமி, சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுப்பது போல.

கொளஞ்சியப்பனைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். "சார், நான் உங்கள ஏத்திக்கினு வந்த டிரைவர் சார்!" என்று அவன் கத்தினான். "கடைசி வரை பாத்திரத்திலேயே இருக்கிறான் பாருங்கள்" என்று நாராயணசாமி கையசைத்து வழியனுப்பினார்.

பிறகு பிரியாணி வந்தது. போலீஸ் வாங்கிக் கொடுத்த பிரியாணியைப் போலீசோடு சேர்ந்து சாப்பிட்டால் சார்பு ஏற்படும் என்பதால், குழுவினர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெள்ளிமலை நிலையத்தைப் பார்க்கக் கிளம்பியபோதுதான் ஜீப் இருக்கிறது, ஓட்ட ஆளில்லை என்பது தெரிந்தது. இரண்டு மணி பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார இடம் கிடைக்காமல் தலைவர் ஒரு கோழிக் கூடைக்கும் பம்புசெட் மோட்டாருக்கும் நடுவில் நின்றபடி மலையேறினார்.

பஸ் வளைவில் மறைந்ததும் தேவிப்ரியா சொன்னார்: "ஜெயம்மா, அத அழிச்சிடுங்க."

"அழிக்கிறதுக்குப் பட்டன் இல்லீங்க மேடம்."

சென்னையில் இருக்கும் கணினி உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். அங்கே ஒரு பெண், வழக்கை ரத்து செய்யப் பட்டியலில் பதினோரு காரணங்கள் இருப்பதாகச் சொன்னாள். 'சும்மா நடித்துக் காட்டினோம்' அவற்றில் இல்லை. குழுத் தலைவர் எழுதிக் கொடுத்தால் ஒருவேளை பார்க்கலாம் என்றாள்.

நாராயணசாமிக்குப் போன் போட்டார்கள். பின்னணியில் கோழிச் சத்தம்.

"அழிப்பதா? அறிக்கை அப்போதே பதிவேறிவிட்டதே அம்மா! நாற்பத்திரண்டு நிமிடத்தில் வழக்கு, ஐம்பதாவது நிமிடத்தில் கைது. மாநிலத்திலேயே சிறந்த நிலையம் என்று எழுதியிருக்கிறோம். இப்போது வழக்கே இல்லை என்றால் நாங்கள் எதைக் கண்காணித்தோம்?"

"சார், அது ஒத்திகைன்னு உங்களுக்கே தெரியுமே?"

"தெரியும். ஆனால் படிவத்தில் ஒத்திகை என்று ஒரு கட்டம் இல்லையே. கட்டம் இல்லாததைக் குழு நம்புவதில்லை."

"அப்ப கோர்ட்டுல நீங்கதான் சார் மொத சாட்சி."

கோழி மட்டும் சிறிது நேரம் பேசியது. "நான் கண்காணிப்பாளன் அம்மா" என்றார் நாராயணசாமி ஈனக் குரலில். "கண்ணால் கண்ட சாட்சி இல்லை. அது வேறு, இது வேறு."

அதற்குள் மாவட்ட அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்துவிட்டது. மாநிலத்தின் சிறந்த நிலையத்தில் ஒரே வழக்கு. அந்த ஒரே வழக்கும் தோற்றால் நூற்றுக்கு நூறு தோல்வி. தேவிப்ரியா பேயாய் உழைத்தார். எக்ஸ்ரே வாங்கினார். எலவனாசூர்கோட்டைக்குத் தானே போய் பாரதியிடம் வாக்குமூலம் வாங்கினார். ஜீப்பிலிருந்து ஜாக்கி ராடைக் கைப்பற்றினார். இத்தனை காலமும் தனக்கு இந்த வேலை தெரியும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சி கோர்ட்டில் கொளஞ்சியப்பன், "எல்லாம் நடிப்புங்க அய்யா" என்றான். நீதிபதி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்புமா நடிச்சுது?" என்று கேட்டு, பதினைந்து நாள் காவலில் வைக்கச் சொன்னார். மனைவி, மகள் பக்கம் அவன் போகக் கூடாது என்றும் பின்னால் ஓர் உத்தரவு வந்தது.

அன்று மாலை தங்கமணி மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாரதி விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தாள். சத்தமாகப் படித்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமாகப் படித்து தங்கமணி கேட்டதே இல்லை. ஒற்றைக் கையால் குழம்பு வைத்தாள். உப்பு ஜாஸ்திதான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

கை கூடியதும் மறுபடி மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போனாள். பக்கத்துச் சால் வரிசையில் கிழங்கு பிடுங்கிய பெண்கள் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர்களும் வாரச்சந்தையிலும் பஸ்ஸிலும் அதை அப்படியே சொன்னார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஜெயம்மாள் நிலையத்தைத் திறக்க வந்தபோது வாசலில் பதினான்கு பெண்கள் நின்றார்கள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கியவர்கள் பாதி, கீழ் ஊர்களிலிருந்து வந்தவர்கள் பாதி. ஒருத்தியின் புருவத்தில் தையல். எல்லோருக்கும் முன்னால், மணலூர்பேட்டையிலிருந்து வந்த சாலம்மாள் என்ற பெண், சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஒத்திகை உண்டுங்களா மேடம்?" என்று கேட்டாள்.

சத்தம் கேட்டு தேவிப்ரியாவும் வெளியே வந்தார். பதினான்கு முகங்களையும் பார்த்தார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"ஒத்திகையெல்லாம் எதுக்கும்மா? நெசமாவே புகார் எழுதிக்கறோம். உள்ள வாங்க."

சாலம்மாள் ஓரடி பின்வாங்கினாள்.

"நெசம்னா வேணாங்க" என்றாள். "நெசத்துக்கு மூணு தடவ வந்து திரும்பிப் போயிட்டேன். எனக்கு ஒத்திகையே போதும்."